வாடகை வாக்கி-டாக்கியும் எங்கள் பொங்கல் விழாவும்: அல்சூரிலிருந்து ஒரு மதிப்பீடு

பெங்களூரு அல்சூரில் எங்கள் பகுதித் தமிழர்கள் ஒரு மன்றமாகச் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு பள்ளி மைதானத்தில் பொங்கல் விழா நடத்துகிறோம். காலையில் பொங்கல் வைப்பது, கோலப் போட்டி, சிறுவர் விளையாட்டுகள், நண்பகலில் பந்தி, மாலையில் பறையாட்டம், பட்டிமன்றம் என்று ஒரே நாளில் ஏறக்குறைய 2,000 பேர் வந்து போவார்கள். தொண்டர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு விழாவுக்கு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு கடையிலிருந்து 14 வாக்கி-டாக்கிகளை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். ஒரு கருவிக்கு ஒரு நாளுக்கு 180 ரூபாய் வீதம் மொத்தம் 5,040 ரூபாய் ஆயிற்று. கருவிக்கு 1,000 ரூபாய் முன்பணம் தனி. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, குடியிருப்புக் கொண்டாட்டம் என்று கூட்டம் கூடும் எதையாவது தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தைய ஆண்டுகளில் எல்லாவற்றுக்கும் கைபேசியையே நம்பியிருந்தோம். தொண்டர்கள் 40 பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் வாழ்த்துப் படங்களுக்கும் 'சாப்பாடு எத்தனை மணிக்கு' என்ற கேள்விகளுக்கும் நடுவே, 'பின்வாசலில் ஆம்புலன்ஸ் வழியை அடைத்துக்கொண்டு ஒரு வேன் நிற்கிறது' என்ற செய்தி யார் கண்ணிலும் படாமல் புதைந்துபோகும். அழைத்துப் பேசலாம் என்றாலும், ஒரே இடத்தில் இத்தனை பேர் கூடி எல்லோரும் படமும் காணொளியும் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் இணைப்பு கிடைப்பதே பாடாக இருக்கும். கிடைத்தாலும் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பந்தி நேரத்தில் இதன் விலையை நேரில் பார்த்தேன். அடுத்த உலைச் சோறு வடிய இருபது நிமிடம் ஆகும் என்பதைச் சொல்ல சமையல் பொறுப்பாளர் என்னைத் தொடர்ந்து அழைத்திருக்கிறார். நானோ மேடை ஒலிபெருக்கி நின்றுபோனதைப் பற்றி மின்பணியாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரையைப் பார்த்தபோது தவறிய அழைப்புகள் ஏழு. அதற்குள் பந்திப் பந்தலின் வாயிலில் இருநூறு பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் உள்ளே இடம் இருக்கிறது என்று எண்ணி நகர்ந்துகொண்டே இருந்தார்கள்; முன்னால் இருந்த ஒரு மூதாட்டி பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்ட நெரிசல்களை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர், விபத்துக்கான காரணங்களை விசை, தகவல், இடம், நேரம் என்ற நான்கு தலைப்புகளில் வகைப்படுத்தியிருக்கிறார். இவற்றுள் தகவலைப் பற்றி அவர் சொல்வதுதான் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டக்கூடியது. முன்வரிசையில் என்ன நடக்கிறது என்பது பின்வரிசைக்குத் தெரிவதில்லை. முன்னால் இருப்பவர் மூச்சுத் திணறும் அதே நொடியில், பின்னால் இருப்பவர் வழி திறந்திருக்கிறது என்று நம்பி ஓரடி எடுத்து வைக்கிறார். 2025 ஜூன் 4 அன்று எங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில், சின்னசாமி மைதானத்தின் வாயில்களுக்கு வெளியே, ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்காகத் திரண்ட கூட்டத்தில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேரை இழந்தோம். அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் விழா மிகச் சிறியது. ஆனாலும், ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நெருக்கி நின்றுவிட்டால் யாருடைய கால்களும் அவரவர் விருப்பப்படி நகர்வதில்லை. அந்த நெருக்கம் உண்டாக இருநூறு பேரும் ஒரு குறுகிய வாயிலுமே போதும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் மக்கள் பெருமளவில் கூடும் இடங்களுக்கென்று ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. விழா நடத்துபவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

சென்ற ஆண்டு இதற்குத் தீர்வாக இணையத்தில் ஆறு வாக்கி-டாக்கிகளை வாங்கினோம். விலை மலிவு, பெட்டியின் மேல் '10 கி.மீ. தொலைவு' என்று போட்டிருந்தது. உரிமம் தேவை என்று விற்ற பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டும் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. விற்பனைக்கு வரும் கருவி வகைக்கு அரசின் ஒப்புதல் இருக்க வேண்டும். எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய மலிவுக் கருவிகள் இந்த விலக்கில் வாரா. காவல் துறையும் அவசர சேவைகளும் பேசும் அலைவரிசைகளில் அவை தெரியாமல் குறுக்கிட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இதற்கென்றே இணைய விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாங்கிய ஆறும் இன்றும் என் வீட்டு அலமாரியில் பேட்டரி கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே இந்த முறை கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அலைவரிசையைப் பற்றியது. அவர் சற்றும் தயங்காமல் கருவியைத் திருப்பி, பின்புறத்து ஒட்டியைக் காட்டி, ஒப்புதல் சான்றின் நகலையும் கையில் கொடுத்தார். இதற்காகவே இந்தக் கடையை முதலில் பாராட்ட வேண்டும். வேறு இரண்டு இடங்களில் இதே கேள்வியைக் கேட்டபோது, 'அதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்' என்பதுதான் பதிலாக வந்தது. தொலைவைப் பற்றியும் இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். திறந்த வெளியில் இரண்டு கிலோமீட்டர் கேட்கலாம், கட்டடங்கள் நெருங்கிய அல்சூரில் ஐந்நூறு மீட்டரை மட்டும் நம்புங்கள் என்றார். எங்கள் மைதானமும் பள்ளிக் கட்டடமும் வண்டி நிறுத்துமிடமும் அந்த எல்லைக்குள் அடங்கின. பள்ளியின் அடித்தளத்தில் இருந்த பாத்திர அறையில் மட்டும் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

வாடகையோடு ஒரு மணி நேரப் பயிற்சியும் உண்டு என்று கடையில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழாவுக்கு முந்தைய நாள் மாலை கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்து எங்களை மைதானத்தில் நிற்க வைத்துப் பேசச் சொன்ன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கினால் முதல் சொல் காற்றில் போய்விடும். ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். 'வேண்டாம், அனுப்பாதீர்கள்' என்று அவசரமாகச் சொன்னால் மறுமுனையில் 'அனுப்பாதீர்கள்' மட்டும் கேட்கும், அதுவாவது பரவாயில்லை. 'நிறுத்துங்கள், ஆட்களை விடலாம் என்று நான் சொல்லும் வரை' என்பதில் முதல் சொல் விழுந்தால் 'ஆட்களை விடலாம்' என்பதே கட்டளையாகிவிடும். இதை அந்த இளைஞர் வாயால் சொல்லி விளக்கவில்லை. எங்களில் ஒருவரை அப்படியே பேச வைத்து, நூறடி தள்ளி நின்ற இன்னொருவரிடம் என்ன கேட்டது என்று விசாரித்தார். கேட்டது தலைகீழாகத்தான் இருந்தது. கருவியை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிப்பது, யாரை அழைக்கிறோமோ அவரை முதலில் சொல்லி அடுத்து நம்மைச் சொல்வது, கேட்டவர் செய்தியைத் திருப்பிச் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் இப்படிச் செய்து பார்த்தே கற்றோம்.

பயிற்சியில் அவர் சொன்ன மற்றொன்றுதான் இந்த விழாவையே மாற்றியது என்பேன். அலைவரிசையில் ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது, இடத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றார். பணிமுறை மாறும்போது கருவி கைமாறும். வாசலில் யார் நிற்கிறார் என்பதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, வாசல் எப்போதும் வாசல்தான் என்பது அவர் சொன்ன காரணம். அதன்படி முன்வாசல், பின்வாசல், மேடை, அடுப்படி, பந்தி, வண்டி, முதலுதவி என்று பெயர் வைத்துக்கொண்டோம். எனக்கு 'நடு' என்று பெயர். ஆனால் எங்களைப் போன்ற அமைப்பில் இதனால் கிடைத்த பெரும்பயன் அவர் சொல்லாத ஒன்று. எங்கள் அடுப்படிக்குப் பொறுப்பாளர் அறுபது வயதைத் தாண்டியவர். மன்றத்தின் மூத்த உறுப்பினர். எல்லோருக்கும் அவர் 'மாமா'. பந்தியைப் பார்த்துக்கொண்டவரோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். சென்ற ஆண்டு அவர் மாமாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 'மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து, பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார். மரியாதை தெரிந்த பிள்ளை அப்படித்தான் பேசும். இந்த ஆண்டு அதே பெண் அதே மாமாவிடம், 'அடுப்படி, பந்தி பேசுகிறேன். சாம்பார் பத்து நிமிடத்துக்குத்தான் வரும்' என்றார். 'பந்தி, அடுப்படி. பத்து நிமிடம். அடுத்த அண்டா ஏறுகிறது' என்று பதில் வந்தது.  குரலில் பணிவு அப்படியே இருந்தது. வயதும் உறவும் உண்டாக்கும் தயக்கம் மட்டும் அந்த நேரத்துக்கு விலகி நின்றது. விழா முடிந்ததும் அந்தப் பெண் மாமாவின் காலைத் தொட்டு ஆசி வாங்கினார். மாமா தம் கையாலேயே அவருக்குப் பாயசம் ஊற்றிக் கொடுத்தார். தொண்டர்களை ஒருங்கிணைப்பதில் இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கைகூடாத ஒன்றை ஓர் அழைப்புப் பெயர் செய்துகாட்டியது. இதற்கு நான் கடைக்கு மனமார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

விழா நாளில் இரண்டு தருணங்களை மட்டும் சொல்கிறேன். காலை பதினொன்றரை மணி அளவில் முதலுதவியிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வயதுச் சிறுவனைக் காணவில்லை, மஞ்சள் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி என்றார்கள். முந்தைய ஆண்டுகளில் நேராக மேடை ஒலிபெருக்கியில் அறிவித்திருப்போம். குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊரறிய அறிவிப்பது தவறான ஆட்களின் காதிலும் விழும் என்பதால் இந்த முறை அதைச் செய்ய வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஒரே அழைப்பில் 14 பேரும் கேட்டார்கள். 'முன்வாசல், துணையின்றி எந்தக் குழந்தையையும் வெளியே விட வேண்டாம்' என்றேன். பின்வாசல் தானாகவே 'பின்வாசலும் அப்படியே' என்றது. மூன்றாவது நிமிடத்தில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குரல் வந்தது. கரும்புச் சாறு பிழியும் வண்டியின் பக்கத்தில், சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி அந்தச் சிறுவன் குந்தி உட்கார்ந்திருந்தான். தாய் ஓடி வந்து அவனை அள்ளிக்கொண்டபோது, அவன் கையில் யாரோ கொடுத்த ஒரு துண்டுக் கரும்பு இருந்தது.

மற்றொன்று பந்தி நேரத்தில். மதியம் ஒன்றரை மணிக்கு இரண்டாம் பந்தி எழத் தாமதமாகி, பந்தல் வாயிலில் வரிசை பெருகத் தொடங்கியது. 'நடு, பந்தி. வாயிலில் எண்பது பேர். உள்ளே இடமில்லை' என்று அந்தப் பெண் சொன்னதும், மேடையில் பறையாட்டத்தை மேலும் பதினைந்து நிமிடம் நீட்டச் சொன்னோம். சாப்பாட்டுச் சீட்டுக் கொடுக்கும் மேசையை முன்வாசல் நிறுத்தி வைத்தது. வரிசையின் கடைசியில் இருந்த தொண்டர் பின்னால் வருபவர்களிடம் நேரத்தைச் சொல்லி நிழலில் உட்கார வைத்தார். இருபது நிமிடம் தாமதம் என்று தெரிந்தவுடன் மக்கள் தாமாகவே கலைந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதுதான் ஒருவரை முன்னால் நெருங்க வைக்கிறது. தெரிந்துவிட்டால் நம் மக்கள் எவ்வளவோ பொறுமையானவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி பிடித்துக்கொண்டு நின்ற அதே கம்பத்தின் அருகே, இந்த முறை இரண்டு சிறுமிகள் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இனிக் குறைகள். 14 காதணிக் கேட்பான்களில் ஐந்து காதில் நிற்கவில்லை. பறையொலிக்கு நடுவே கேட்பான் இல்லாமல் எதுவும் கேட்காது என்பதால் மேடையிலிருந்தவர் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டே இருந்தார். பேட்டரி பத்து மணி நேரம் வரும் என்று சொன்னார்கள். அதிகம் பேசிய முன்வாசல் கருவி ஏழு மணி நேரத்திலேயே அடங்கியது. உபரிப் பேட்டரி கேட்டு வாங்காதது என் தவறு. கேட்காமலேயே இரண்டு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது கடையின் கடமை. உரிமம் வேண்டாத அலைவரிசை என்பதால் அது எல்லோருக்கும் பொது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர்கள் கன்னடத்தில் பேசியது இரண்டு முறை எங்கள் கருவிகளில் கேட்டது. கருவியில் உள்ள துணைக்குறியை, அதாவது அதே குறி வைத்த கருவிகளின் குரலை மட்டும் ஒலிக்கவிடும் அமைப்பை, மாற்றியதும் அந்தக் குரல் நின்றது. எனினும் அது நம் காதைத்தான் மூடுகிறது, அலைவரிசையைப் பூட்டுவதில்லை. நாம் பேசுவதை அதே அலைவரிசையில் உள்ள யாரும் கேட்க முடியும் என்பதால், வசூல் பணம் எங்கே இருக்கிறது என்பது போன்றவற்றை இதில் பேசவே கூடாது.

இவற்றுள் பெரிய குறை, ஒரு தொண்டர் கருவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது நேர்ந்தது. பொத்தான் அழுந்திக்கொண்டு அலைவரிசை முழுவதும் அடைபட்டது. அவருடைய பேச்சும் பின்னணியில் கோலப் போட்டி அறிவிப்பும் கேட்டுக்கொண்டே இருக்க, வேறு யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. சிறுவன் காணாமல் போனது அந்த நான்கு நிமிடத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அழுந்தினால் தானாகவே ஒலிபரப்பை நிறுத்தும் வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது என்றும், அது இயக்கி வைக்கப்படவில்லை என்றும் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கடையில் சொன்னார்கள். இதை அவர்கள் முன்பே செய்து தந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கூடவே, கருவியைப் பையில் போடாமல் இடுப்புக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும் என்று தொண்டர்களிடம் சொல்லிவிடுங்கள். முன்பணம் திரும்பக் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

நூறு இருநூறு பேர் கூடும் வளைகாப்புக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ இது தேவைப்படாது. ஐந்நூறு பேரைத் தாண்டினால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயிலும் ஒரு பந்தியும் இருந்தால், பந்தலுக்கும் நாற்காலிக்கும் பணம் ஒதுக்கும்போதே இதற்கும் ஒதுக்கிவிடுவது நல்லது. எங்கள் மொத்தச் செலவில் இது இரண்டாம் பந்தியின் வடைச் செலவுக்கும் குறைவு. ஒரு நாளுக்கு மட்டும் எடுத்துச் செலவைக் குறைக்கலாமே என்று மன்றத்தில் சிலர் கேட்டார்கள். முந்தைய நாள் ஒத்திகை இல்லாமல் இந்தக் கருவிகளை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் கருவிக்கு மூன்றரையும் பயிற்சிக்கு ஐந்தும் தருவேன். சித்திரைத் திருநாளுக்கு அதே கடையில் 16 கருவிகளும், நான்கு உபரிப் பேட்டரிகளும், மேடைக்கும் முன்வாசலுக்கும் காதை முழுதாக மூடும் கேட்பான்களும் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த ஒரு நிமிட நிறுத்தத்தை இயக்கித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.